சின்ன கஞ்சா வழக்குகளில் நன்னடத்தை விடுதலை ஏன் எட்டாக்கனியாக இருக்கிறது?

தென்மாவட்டம் ஒன்றின் நடுவர் நீதிமன்றம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு காலை. பையனுக்கு இருபது வயது இருக்கும், ஐடிஐ முடித்தவன். பேன்ட் பாக்கெட்டில் 40 கிராம் கஞ்சா இருந்ததாக வழக்கு. பதினெட்டு நாள் ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்திருந்தான். அவனுடைய அம்மா வராண்டா தூணோரம் நின்று வக்கீலிடம் கேட்டார்: “சார், திரும்ப உள்ள வச்சிருவாங்களா?”

“இல்லம்மா. ஒத்துக்கிட்டான்னா ஃபைன் போட்டு இன்னைக்கே முடிச்சிருவாங்க. கேஸ நடத்துறேன்னு போனா ரெண்டு வருசம் வாய்தா வாய்தான்னு அலையணும்.”

பையன் கூண்டில் ஏறினான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். “ஒத்துக்கிறேன் ஐயா.” அபராதம் ஐயாயிரம், கட்டத் தவறினால் ஒரு மாதம் சிறை. அம்மா மஞ்சள் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டை எடுத்து இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

நான் அன்று வேறொரு வேலையாக அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் எத்தனை நாளாகப் புகைக்கிறான், விட நினைக்கிறானா, சிகிச்சைக்குப் போவானா என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அரசுத் தரப்பும் கேட்கவில்லை, அவனுடைய வக்கீலும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு வலித்தது. அதே சமயம் அந்த இடம் எவ்வளவு குறுகலானது, ஏன் அப்படிக் குறுகிப்போனது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வக்கீல்களிலேயே பலர் அதை மறந்துவிட்டார்கள். சிறைக்கு அனுப்பாமல், நல்லொழுக்கப் பத்திரம் வாங்கிக்கொண்டு விடுவிப்பதுதான் நன்னடத்தை விடுதலை. அதுவும் இவனைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை.

போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம், பேச்சுவழக்கில் என்டிபிஎஸ், 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஆங்கிலேயர் காலத்து அபின் சட்டங்களும் 1930ஆம் ஆண்டின் ஆபத்தான மருந்துகள் சட்டமும்தான் இருந்தன. 1961இன் ஐ.நா. ஒப்பந்தப்படி, கஞ்சாவை மருத்துவம் அல்லாத காரியங்களுக்குப் பயன்படுத்தும் பழக்கத்தை 25 வருடத்துக்குள் நிறுத்த வேண்டிய கடமை இந்தியாவுக்கு இருந்தது. கெடு நெருங்கிய நேரத்தில் வந்த சட்டம் என்பதால் கடுமையாகவே வந்தது. ஹெராயின் போன்றவற்றை வைத்திருந்தால் குறைந்தபட்சமே பத்து வருடம். எவ்வளவு வைத்திருந்தாய் என்ற கேள்விக்கு அங்கே பெரிய இடமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. 27ஆவது பிரிவு. சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருந்தாலோ உட்கொண்டாலோ, பொருளைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் வரைதான் சிறை. ஆனால் ‘சிறிதளவு’ என்பது உண்மையிலேயே சிறிதளவுதான். ஹெராயின் என்றால் கால் கிராம். அரை கிராம் வைத்திருந்த போதை அடிமையும் லாரியில் கடத்தியவனும் ஒரே பத்து வருடக் கணக்கில் சேர்ந்தார்கள்.

1989இல் சட்டம் இன்னும் இறுகியது. ஜாமீனுக்கு 37ஆவது பிரிவின் கெடுபிடிகள் வந்தன. 32ஏ பிரிவு புதிதாக நுழைந்தது. இந்தச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட தண்டனையை நிறுத்திவைக்கவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்றது அது. 27ஆவது பிரிவுக்கு மட்டும் விலக்கு. கீழ்க்கோர்ட்டில் தண்டனை வாங்கி மேல்முறையீடு செய்தவரின் தண்டனையை உயர் நீதிமன்றம்கூட நிறுத்திவைக்க முடியாத நிலை. மேல்முறையீடு விசாரணைக்கு வரும்போது தண்டனைக் காலமே முடிந்துபோயிருக்கும். 2000ஆம் ஆண்டு அக்டோபரில், தாது என்கிற துளசிதாஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் செல்லாது என்றது. மேல்முறையீடு என்ற உரிமையைக் கொடுத்துவிட்டு அதன் பலனைப் பறிக்க முடியாது என்பது சாரம். ஆனால் அரசு தண்டனைக் குறைப்பு வழங்கக் கூடாது என்ற தடை அப்படியே நின்றது. பரோலுக்குத் தடையில்லை, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அரசியல் சாசனம் தந்த அதிகாரத்துக்கும் தடையில்லை என்று அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியது. சிறைக்குள் நன்றாக நடந்துகொண்டால் கழியும் நாட்கள் மற்ற கைதிகளுக்கு உண்டு, இவர்களுக்குக் கிடையாது.

அப்புறம்தான் 2001 வந்தது. அந்த வருடம் அக்டோபர் 2 முதல் தண்டனை எடையைப் பொறுத்து மூன்றாகப் பிரிந்தது. சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு ஐந்து கிராம், 250 கிராம். சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஆறு மாதம் என்று இருந்தது, 2014இல் ஒரு வருடம் ஆனது. அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். நடு அளவுக்குப் பத்து வருடம் வரை. வணிக அளவுக்குக் குறைந்தது பத்து, அதிகபட்சம் இருபது.

நல்ல மாற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திருத்தம் செய்த ஒரு வேலை பலர் கண்ணில் படவில்லை. சொந்த உபயோகத்துக்காக வைத்திருப்பதை 27ஆவது பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. இன்றைய 27 உட்கொள்வதை மட்டும் பேசுகிறது. பாக்கெட்டில் வைத்திருந்தால் அது கஞ்சாவுக்கான 20ஆவது பிரிவுக்குப் போய்விடும், அதிலும் சிறிய அளவுக்கான உட்பிரிவுக்கு. எஃப்ஐஆரில் ‘8(சி) உடனிணைந்த 20(பி)(2)(ஏ)’ என்று காவல் நிலைய ரைட்டர் எழுதுவது இதைத்தான். அப்போது தண்டனை கிட்டத்தட்ட ஒன்றுதான், எண்தான் வேறு. அப்படியானால் என்ன குறை என்று தோன்றும்.

குறை 33ஆவது பிரிவில் இருக்கிறது. என்டிபிஎஸ் சட்டத்தில் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டவருக்கு 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது என்கிறது அந்தப் பிரிவு. விலக்கு இரண்டே வகைக்கு. ஒன்று, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர். அவர்களை எப்படியும் இளைஞர் நீதிச் சட்டம் பார்த்துக்கொள்வதால் இது இன்று வெறும் எழுத்து. இன்னொன்று, 26 அல்லது 27ஆவது பிரிவில் தண்டிக்கப்பட்டவர். 26 உரிமம் பெற்றவர்கள் கணக்கு வழக்கில் செய்யும் தவறு பற்றியது. ஆக, சாதாரண மனிதருக்கு மிச்சமிருப்பது 27 மட்டுமே. 2001இல் வைத்திருத்தலை 27இலிருந்து நகர்த்தியவர்கள் 33இல் அதற்கேற்ற மாற்றம் செய்யவில்லை. வேண்டுமென்றே விட்டார்களா, கவனிக்காமல் விட்டார்களா, எனக்கு இது கவனப் பிசகாகவே படுகிறது. ஏனென்றால் 39, 64ஏ ஆகிய பிரிவுகளில் ‘சிறிய அளவு தொடர்பான குற்றங்கள்’ என்ற சொற்களை அதே திருத்தத்தில் ஞாபகமாகச் சேர்த்திருக்கிறார்கள். 32ஏயிலும் விலக்கு இன்னும் 27க்கு மட்டும்தான்.

இதன் விளைவை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். இரண்டு நண்பர்கள் ஒரே சுவரோரம் நிற்கிறார்கள். ஒருவன் புகைத்துக்கொண்டிருக்கிறான், இன்னொருவன் பாக்கெட்டில் பொட்டலம். புகைத்தவன் மேல் 27. அவனை நல்லொழுக்கப் பத்திரத்தின் பேரில் நீதிமன்றம் விட்டுவிடலாம். பொட்டலம் வைத்திருந்தவன் மேல் 20. அவனுக்கு நன்னடத்தைச் சட்டத்தின் கதவு மூடியிருக்கிறது. உட்கொண்டதை நிரூபிக்க ரத்தம், சிறுநீர் என்று மருத்துவப் பரிசோதனை வேண்டும். பொட்டலத்தை எடைபோட்டு மகஜர் (பறிமுதல் குறிப்பு) எழுதினால் வைத்திருத்தல் முடிந்தது. போலீஸ் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு ஆனாலும் சரி, உள்ளூர் காவல் நிலையம் ஆனாலும் சரி, தினசரி செய்தியில் நாம் படிப்பது ‘வைத்திருந்ததாகக் கைது’தான்.

இன்னொரு ஒப்பீடு. அந்த ஐடிஐ பையன் கஞ்சாவுக்குப் பதில் ஒரு சைக்கிளைத் திருடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. அவனுடைய குற்றத்தைவிட மூன்று மடங்கு. ஆனால் 21 வயதுக்குக் கீழே இருப்பதால் நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு அவனைக் காத்திருக்கும். அவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற்று, வேறு வழி ஏன் சரிப்படாது என்று நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். கண்டித்து அனுப்பலாம், மூன்று வருடம் வரையிலான பத்திரம் வாங்கிக்கொண்டு விடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. அடுத்தவர் பொருளை எடுத்தவனுக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டவனுக்கு இல்லை.

நன்னடத்தை என்றால் சும்மா விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. சென்னை மாகாணத்துக்கு 1930களிலேயே தனி நன்னடத்தைச் சட்டம் இருந்தது. பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஜாமீன்தாரர் வேண்டும், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அவர் வீட்டுக்கு வருவார், வேலைக்குப் போகிறானா என்று பார்ப்பார். வேலை தேடிக்கொடுக்க உதவுவதும் சட்டப்படி அவருடைய கடமை. நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். ஐயாயிரம் ரூபாய் அபராதத்தைவிட இது ஒரு இளைஞனுக்குக் கடினமான, ஆனால் பயனுள்ள பாதை என்பது என் எண்ணம். அபராதம் அம்மாவின் பையிலிருந்து போகிறது. பத்திரத்தின் பாரத்தை அவனேதான் சுமக்க வேண்டும்.

சரி, என்டிபிஎஸ் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் வழி எது? 39ஆவது பிரிவு. போதைப்பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் 27ஆவது பிரிவிலோ சிறிய அளவு தொடர்பான குற்றத்திலோ குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டால், உடனே சிறைத்தண்டனை விதிக்காமல், அவருடைய சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற அனுப்பலாம். வயது, முந்தைய நடத்தை, உடல் மனநிலை எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் சிகிச்சையின் பலனைப் பற்றிய அறிக்கையோடு ஆஜராக வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், கண்டித்து, மூன்று வருடம் வரையிலான பத்திரத்தோடு விடுவிக்கலாம். இதற்கும் முன்னால் நிற்பது 64ஏ. அடிமையாக இருப்பவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் இதே வகைக் குற்றங்களுக்காக அவர்மேல் வழக்கே நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு ரத்தாகலாம்.

இங்கேயும் ஒரு விசித்திரம் உண்டு. இரண்டு பிரிவுகளும் ‘அடிமை’ என்று சட்டம் வரையறுப்பவருக்கு மட்டும்தான். அதாவது போதைப்பொருளைச் சார்ந்தே வாழும் நிலைக்கு வந்தவர். கல்லூரி விடுதியில் யாரோ கொடுத்ததை இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பையன் அடிமை இல்லை. அவனுக்கு 39 கிடையாது, 64ஏ கிடையாது. பொட்டலம் பாக்கெட்டில் இருந்தால் நன்னடத்தைச் சட்டமும் கிடையாது. பிரச்சினை முற்றியவனுக்குக் கதவு திறந்திருக்கிறது, முதல் படியில் நிற்பவனுக்குத் தண்டனை மட்டும்தான்.

முதல் படியில் நிற்பவர்கள்தான் நாட்டில் அதிகம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பாங்கு உட்பட கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி. இத்தனை பேரையும் நீதிமன்றத்தில் நிறுத்த யாராலும் முடியாது. நிறுத்தப்படுபவர்கள், தெருவில் நிற்பதைத் தவிர வேறு இடமில்லாதவர்கள். சொந்தமாகப் பூட்டிய அறை உள்ளவனின் பொட்டலம் போலீஸ் கையில் சிக்குவது அரிது.

எடைக் கணக்கு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் ‘சின்னக் குற்றம்’ என்பதைத் தீர்மானிப்பது தராசுதான். 990 கிராம் என்றால் அதிகபட்சம் ஒரு வருடம். 1,100 கிராம் என்றால் பத்து வருடம் வரை. 39ஆவது பிரிவும் அந்த நூறு கிராமோடு போய்விடும். கஞ்சா என்று சட்டம் சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனியை. நுனி சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. ஆனால் சாக்குப்பையில் தண்டு, இலை, காம்பு எல்லாம் கலந்து ஈரத்தோடு இருப்பதை அப்படியே எடைபோட்டு விடுகிறார்கள். பிரித்து எடைபோட்டீர்களா என்ற ஒரு கேள்வியை வக்கீல் கேட்டாலே வழக்கின் தன்மை மாறும். ஹெராயின் போன்றவற்றில் கதை இதற்கு நேரெதிராக முடிந்தது. தூய போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்க வேண்டும் என்று 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு வருடமே மத்திய அரசு அறிவிக்கை மூலம் அதை மாற்றியது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, கலப்படத்தோடு சேர்ந்த மொத்த எடைதான் கணக்கு என்று முடிவு செய்தது. நாலு கிராம் ஹெராயின் தனியாக இருந்தால் சிறிய அளவு. அதையே 300 கிராம் மாவில் கலந்தால் வணிக அளவு, குறைந்தது பத்து வருடம்.

ஏற்கனவே விதித்த தண்டனையை மறுபரிசீலனை செய்வதில் நம் சட்டம் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு 2001 திருத்தமே சாட்சி. தண்டனையைக் குறைத்தார்கள். விசாரணையிலும் புலனாய்விலும் இருந்த வழக்குகளுக்குப் புதிய கணக்கு பொருந்தும் என்றார்கள். மேல்முறையீட்டில் இருந்த வழக்குகளுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனவருக்குப் புதிய தண்டனை கிடைத்தது. சீக்கிரம் தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் காத்திருந்தவருக்குப் பழைய பத்து வருடமே நின்றது. இது பாரபட்சம் என்று பஷீர் என்பவர் கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். முடிந்த விசாரணைகளைத் திரும்பக் கிளற வேண்டியிருக்கும், எனவே இந்தப் பிரிவினை நியாயமானதுதான் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்று பிடிபட்டால் ஒரு வருடத்துக்குள் முடிந்திருக்கும் குற்றத்துக்காகப் பத்தாவது வருடத்தைச் சிறையில் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சிரமத்தை எப்படி விளக்குவது?

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு கலிபோர்னியா ஓர் உதாரணம். அங்கே 2014 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 47ஆவது முன்மொழிவு, சொந்த உபயோகத்துக்கான போதைப்பொருள் குற்றத்தை இலகுவான வகைக்கு மாற்றியது. ஏற்கனவே சிறையில் இருந்தவர்களும் மனுப்போட்டுத் தண்டனையை மறுநிர்ணயம் செய்துகொள்ள அதிலேயே வழி வைத்திருந்தார்கள். பத்து வருடம் கழித்து 2024இல் அதே மக்கள் இன்னொரு வாக்கெடுப்பில் சிலவற்றைத் திரும்ப இறுக்கினார்கள். அனுபவத்தைப் பார்த்துத் தளர்த்துவதும் இறுக்குவதும் அங்கே நடக்கிறது. நாம் 33ஆவது பிரிவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. சிறிய அளவு என்றாலே சொந்த உபயோகம் என்று அர்த்தமில்லை. பள்ளிக்கூட வாசலில் விற்பவனும் ஒரு நேரத்தில் அரைக் கிலோவுக்குக் குறைவாகத்தான் கையில் வைத்திருப்பான். எடை மட்டும் பார்க்கும் சட்டம் இவனையும் புகைப்பவனையும் ஒரே தட்டில் வைக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ தொடங்கியபோது பெற்றோர்கள் வரவேற்றதற்குக் காரணம் இந்த வாசல் வியாபாரிகள்தான். ஆனால் நன்னடத்தை விடுதலை யாருக்கும் தானாகக் கிடைப்பதல்ல. நீதிபதி ஆளைப் பார்த்து, அலுவலர் அறிக்கையைப் படித்து, தகுதி இருந்தால் கொடுப்பது. விற்பவனையும் புகைப்பவனையும் பிரித்துப் பார்க்க தராசைவிட அந்த அறிக்கை நல்ல கருவி. 33ஆவது பிரிவில் ‘சிறிய அளவு தொடர்பான குற்றங்கள்’ என்ற சொற்களைச் சேர்த்தால் போதும், மறுக்கும் அதிகாரம் நீதிபதியிடம் அப்படியே இருக்கும்.

அந்த அம்மாவை இரண்டு வருடம் கழித்து அதே வளாகத்தில் பார்த்தேன். பையனுக்கு வெளிநாட்டில் வேலை அமைந்திருந்தது, போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். பழைய வழக்கு எட்டிப்பார்த்துவிட்டது. “அன்னைக்கே முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே சார்” என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் குற்றத்தீர்ப்புதான் என்று அன்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் மறுபடி சிக்கினால் அதிகபட்சம் ஒன்றரை மடங்காகும் என்ற 31ஆவது பிரிவையும் சொல்லவில்லை.

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பையனுக்குப் பழக்கம் இருப்பது உண்மை என்றால், மறைக்காமல், ஜாமீன் கிடைத்த கையோடு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். ஓபி சீட்டு, டாக்டர் எழுதிய குறிப்பு, ஒவ்வொரு முறை போன தேதி, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். பிறகு வக்கீலிடம், ஒப்புக்கொள்வதற்கு முன்பே, 64ஏ பிரிவில் மனுப்போடச் சொல்லுங்கள். அது எடுபடாவிட்டால் தண்டனை பற்றிய கேள்வி வரும் நேரத்தில் 39. அவர் “அதெல்லாம் இங்க பழக்கத்துல இல்லைங்க” என்பார். போடச் சொல்லுங்கள்.